‘தி அமெரிக்கன் வீனஸ்’: விளம்பரம் மட்டும் மிஞ்சிய படம்

கோல்டு கிரீம் தயாரிக்கும் இரண்டு முதலாளிகள். தொழிலில் ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாது. ஆனாலும் ஜான் கிரேயின் மகள் மேரிக்கும் ஹியூகோ நைல்ஸின் மகன் ஹோரஸுக்கும் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை சரியான அசடு. இந்த நேரத்தில் நைல்ஸிடம் விளம்பர வேலை பார்த்துக்கொண்டிருந்த சிப் ஆம்ஸ்ட்ராங் என்ற துடிப்பான இளைஞன் வேலையை விட்டுவிட்டு கிரேயின் பக்கம் வந்து சேர்கிறான். அவனிடம் ஒரு யோசனை இருக்கிறது. அட்லாண்டிக் சிட்டியில் நடக்கும் மிஸ் அமெரிக்கா போட்டியில் மேரி கலந்துகொள்ள வேண்டும். ஜெயித்ததும், தன் அழகுக்கெல்லாம் காரணம் அப்பாவின் கிரீம்தான் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், சரக்கு பறக்கும்.

மேரி நிச்சயதார்த்தத்தை முறித்துக்கொண்டு போட்டிக்குப் போகிறாள். ஜெயிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி அவளை ஊருக்கு வரவழைத்துவிடுகிறார் நைல்ஸ். போட்டி கைவிட்டுப் போகிறது. நொந்துபோய் மேரியும் சிப்பும் அட்லாண்டிக் சிட்டிக்குத் திரும்பினால், அங்கே பட்டம் வென்ற வேறொரு பெண், தன் வெற்றிக்கெல்லாம் கிரேயின் கோல்டு கிரீம்தான் காரணம் என்று ஏற்கெனவே உலகத்துக்கே சொல்லி முடித்திருக்கிறாள். வியாபாரம் பிழைத்தது, சிப்புக்கும் மேரிக்கும் கல்யாணம், சுபம்.

1926 ஜனவரியில் பாரமவுண்ட் வெளியிட்ட ‘தி அமெரிக்கன் வீனஸ்’ என்ற மௌனப் படத்தின் கதை இது. இயக்கியவர் ஃபிராங்க் டட்டில், கதை டவுன்சென்ட் மார்ட்டின். மேரியாக எஸ்தர் ரால்ஸ்டன், சிப்பாக லாரன்ஸ் கிரே. படம் இன்று இல்லை. முழுப் பிரதி உலகத்தில் எந்தக் காப்பகத்திலும் கிடையாது. கதை மட்டும் நமக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் காலத்து ஹாலிவுட் கம்பெனிகள் படத்தைவிடக் காகிதத்தை அதிகம் உற்பத்தி செய்தன. காப்புரிமைப் பதிவுக்குக் கொடுத்த கதைச்சுருக்கம், தியேட்டர்காரர்களுக்கு அனுப்பிய விளம்பரத் தாள்கள், பத்திரிகை விமர்சனங்கள், ஸ்டில்கள், போஸ்டர்கள் என்று எக்கச்சக்கம். படம் போனாலும் காகிதம் தங்கிவிட்டது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் கடைசித் திருப்பம். அந்தக் கிரீம் நல்லதா, பூசினால் ஏதாவது நடக்குமா என்ற கேள்வி கதைக்குத் தேவையே படவில்லை. முதலாளியின் மகள் ஜெயித்தாலும் சரி, யாரோ ஒருத்தி ஜெயித்தாலும் சரி, பட்டம் வாங்கிய வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தால் போதும். அழகுச் சாதனத் தொழிலைக் கிண்டல் செய்வதற்கு இதைவிடச் சரியான இடம் 1920களில் இருந்திருக்க முடியாது.

ஏனென்றால் கோல்டு கிரீமில் ரகசியம் என்று ஒன்றுமே இல்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் செய்ததாகச் சொல்லப்படும் பழைய பக்குவம் அது: ஆலிவ் எண்ணெய், தேன்மெழுகு, பன்னீர். பூசியதும் அதிலுள்ள தண்ணீர் ஆவியாவதால் சில்லென்று இருக்கும். பின்னாளில் ஆலிவ் எண்ணெய்க்குப் பதிலாக, சீக்கிரம் சிக்குவாடை அடிக்காத மினரல் ஆயில் வந்தது. கொஞ்சம் வெங்காரம் சேர்த்தார்கள். அது தேன்மெழுகிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒன்றாகி, எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். மெழுகை உருக்கி, தண்ணீரைச் சூடாக்கி, இரண்டையும் ஊற்றிக் கலக்கத் தெரிந்தால் யாரும் செய்யலாம். கிரேயின் டப்பாவையும் நைல்ஸின் டப்பாவையும் லேபிளைக் கிழித்துவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். அப்புறம் போட்டி எதில் இருக்கும்? யார் சொல்கிறார்கள் என்பதில்தான்.

நிஜத்தில் இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டியது பான்ட்ஸ். (பல்லாவரத்தில் பான்ட்ஸ் சிக்னல் என்று சொல்கிறோமே, அதே பான்ட்ஸ்.) இரவுக்குக் கோல்டு கிரீம், பகலுக்கு வேனிஷிங் கிரீம் என்று ஒரே முகத்துக்கு இரண்டு டப்பா வாங்க வைத்த கம்பெனி அது. இருபதுகளில் விலை குறைந்த கிரீம் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வந்தபோது, அவர்களும் அவர்களுடைய விளம்பர ஏஜென்சியும் பெரிய இடத்துப் பெண்மணிகளைத் தேடிப் போனார்கள். முதலில் மாட்டியவர் நியூயார்க் பணக்காரச் சமூகத்தின் உச்சியில் இருந்த, பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய ஆல்வா பெல்மான்ட். அவருக்குக் கொடுத்த பணம் பெண்ணுரிமை இயக்கத்துக்கு நன்கொடையாகப் போனது. அடுத்தடுத்து வந்தவர்களில் ருமேனியாவின் மகாராணி மேரியும் ஒருவர். அரசியே பூசுகிறாள் என்றால் அயோவாவிலுள்ள ஒரு பள்ளி ஆசிரியை ஏன் பூசக் கூடாது? படம் எடுக்கப்பட்டபோது இந்த விளம்பரங்கள் பெண்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தன. சிப் ஆம்ஸ்ட்ராங்கின் யோசனை கதாசிரியரின் கற்பனையாக இருக்கலாம். ஆனால் அதில் புதிதாக எதுவும் இல்லை, மாதாமாதம் அச்சில் நடந்துகொண்டிருந்ததுதான்.

சட்டமும் வழிவிட்டிருந்தது. உணவுக்கும் மருந்துக்கும் 1906-இல் வந்த அமெரிக்கச் சட்டத்தில் அழகுச் சாதனங்கள் சேரவே இல்லை. டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க அரசாங்கத்துக்கு அதிகாரம் கிடைத்தது 1938-இல்தான். நடுவில் 1933 வாக்கில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச் சாயத்தால் பெண்களின் கண்பார்வையே போனது. அந்தக் கோரப் படங்கள் புதிய சட்டத்துக்கான பிரச்சாரத்தில் பெரிய பங்கு வகித்தன. ‘அமெரிக்கன் வீனஸ்’ அந்த இருண்ட பக்கத்துக்குப் போன படமில்லை. அது சிரித்துக்கொண்டே கடந்து போனது.

சரி, மிஸ் அமெரிக்காவுக்கு வருவோம். இந்தப் போட்டி 1921-இல் அட்லாண்டிக் சிட்டியில் தொடங்கியதற்கும் அழகுக்கும் பெரிய சம்பந்தமில்லை. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினம். அதோடு அமெரிக்காவில் கடற்கரை சீசன் முடிந்துவிடும். குற்றாலத்தில் சாரல் நின்றதும் லாட்ஜ்கள் காலியாவது மாதிரி, மறுநாளே ஓட்டல்கள் வெறிச்சோடும். இன்னும் ஒரு வாரம் கூட்டத்தை நிறுத்திவைக்க வழி தேடிய ஓட்டல்காரர்களும் வியாபாரிகளும் போட்ட திருவிழாவில் ஒரு பகுதிதான் இந்த அழகிப் போட்டி. ஊர் ஊராக அழகியைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவை நாளிதழ்கள். அவற்றுக்கு விற்பனை கூடியது. முதல் ஆண்டு பட்டம் வாங்கிய மார்கரெட் கோர்மனுக்கு வயது 16. விழாவுக்குத் தலைமை தாங்கக் கடல் அரசன் நெப்டியூன் வேடத்தில் வந்தவர் ஹட்சன் மாக்ஸிம். வெடிமருந்து கண்டுபிடிப்பாளர், இயந்திரத் துப்பாக்கி செய்த ஹைரம் மாக்ஸிமின் தம்பி. வெடிமருந்துக்காரர் கிரீடம் வைத்துக்கொண்டு நீச்சலுடைப் பெண்களை வரவேற்ற காட்சியை எந்தக் கதாசிரியரும் யோசித்திருக்க மாட்டார்.

1925 செப்டம்பர் போட்டியின்போது பாரமவுண்டின் தாய் நிறுவனமான ஃபேமஸ் பிளேயர்ஸ்–லாஸ்கி கேமராக்களோடு அட்லாண்டிக் சிட்டியில் இறங்கியது. நிஜப் போட்டி நடக்கும்போதே படத்துக்கான காட்சிகளையும் எடுத்தார்கள். அந்த வருஷம் பட்டம் வாங்குபவருக்குப் படத்தில் வேஷம் என்று ஏற்பாடு. வென்றவர் கலிஃபோர்னியாவின் ஃபே லான்ஃபியர். முந்தைய ஆண்டு மூன்றாவதாக வந்தவர், இந்தமுறை முதலிடம். படத்தில் மிஸ் அலபாமாவாக வந்து பட்டம் வாங்கிக்கொண்டு கிரீமின் புகழ் பாடுபவர் அவர்தான். நிஜ மிஸ் அமெரிக்கா, கதையில் வரும் மிஸ் அமெரிக்காவாக, கற்பனைக் கிரீமுக்கு விளம்பரம் செய்கிறார்.

இங்கேதான் கிண்டல் கொஞ்சம் குழம்புகிறது. சினிமா கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்ததால், யார் ஜெயிக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள் என்ற புகாரை நியூயார்க்கின் ஒரு பரபரப்பு நாளிதழ் கிளப்பியது. படத்துக்குள் நைல்ஸ் செய்த தில்லுமுல்லு போல ஒன்றைப் படம் எடுத்தவர்கள் மேலேயே சொன்னார்கள். புகார் உண்மையோ இல்லையோ, போட்டிக்குக் கெட்ட பெயர் சேர்ந்துகொண்டே போய் 1927-க்குப் பிறகு சில வருஷம் போட்டியே நடக்கவில்லை. லான்ஃபியரின் சினிமா வாழ்க்கையும் இந்தப் படத்தோடு ஏறக்குறைய முடிந்தது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது: ஓட்டல்களுக்குப் போட்டி விளம்பரம், போட்டிக்குப் படம் விளம்பரம், படத்துக்குப் போட்டியில் ஜெயித்த பெண் விளம்பரம். ஒரு பெண்ணின் பட்டத்தை வைத்துச் சரக்கு விற்பதைக் கேலி செய்த கம்பெனி, அதே பெண்ணின் அதே பட்டத்தை வைத்து டிக்கெட் விற்றது. எடுத்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே சிரித்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது கிண்டல்தான், ஆனால் கடிக்காத கிண்டல். கடிக்கவும் முடியாது. அழகுச் சாதனத் தொழிலுக்குச் சினிமாவைப் போன்ற கூட்டாளி வேறு இல்லை. சினிமா நடிகர்களுக்கு மேக்கப் செய்துகொடுத்துத்தான் மாக்ஸ் ஃபேக்டர் வளர்ந்தார். மேபெலின் கண்மை சினிமாப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களில் வளர்ந்தது. இருபதுகளின் கடைசியில் லக்ஸ் சோப்பு ஹாலிவுட் நடிகைகளை மொத்தமாக வளைத்துப் போட்டது. அந்த முறை 1941-இல் லீலா சிட்னிஸ் மூலம் இந்தியாவுக்கும் வந்தது. பிறகு நடந்தது நம் வீட்டுக் குளியலறை வரைக்கும் தெரிந்த கதை.

நகைச்சுவைக்குக் கம்பெனி நல்ல ஆட்களைத்தான் போட்டிருந்தது. வில்லன் நைல்ஸாக வந்த ஃபோர்டு ஸ்டெர்லிங், கீஸ்டோன் கம்பெனியின் குட்டிப் படங்களில் கோமாளி போலீஸ் படைக்குத் தலைவராக ஓடி விழுந்து பேர் வாங்கியவர். அவர் மனைவியாக எட்னா மே ஆலிவர், நீண்ட முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பார்வையிலேயே சிரிப்பு மூட்டக்கூடியவர். வசன அட்டைகளை எழுதியவர் ராபர்ட் பெஞ்ச்லி, அன்றைய நியூயார்க்கின் முன்னணி நகைச்சுவை எழுத்தாளர்களில் ஒருவர். மௌனப் படத்தில் வசன அட்டைதான் பாதி நகைச்சுவை. திரையில் ஒருவர் தடுக்கி விழுந்ததும் வரும் ஒரு வரி தியேட்டரைக் குலுக்கிவிடும். இந்தப் படத்தில் நாம் இழந்தவற்றில் எனக்கு அதிகம் உறுத்துவது அந்த அட்டைகள்தான்.

ஆனால் இன்று இந்தப் படத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டெர்லிங்குக்காகவோ பெஞ்ச்லிக்காகவோ தேடுவதில்லை. நாயகி எஸ்தர் ரால்ஸ்டனுக்காகவும் இல்லை. மிஸ் பேபோர்ட் என்ற துணைப் பாத்திரத்தில் வந்த 19 வயது நடனப் பெண்ணுக்காகத் தேடுகிறார்கள். அவர் லூயிஸ் புரூக்ஸ். நியூயார்க்கில் ஸீக்ஃபெல்ட் என்பவர் நடத்திய ஆடம்பர மேடை நிகழ்ச்சிகளில் ஆடிக்கொண்டிருந்தவர். இதற்கு முன் ஒரே ஒரு படத்தில், பெயர் போடாத சின்ன வேடம். டைட்டிலில் அவர் பெயர் வந்த முதல் படம் இதுதான். நெற்றியை மறைத்து நேராக வெட்டிய அந்தக் கறுத்த குட்டை முடி பிறகு ஒரு தலைமுறையின் அடையாளமாகவே ஆனது. 1929-இல் ஜெர்மனியில் பாப்ஸ்ட் இயக்கத்தில் நடித்த ‘பண்டோராஸ் பாக்ஸ்’ அவரைச் சினிமா வரலாற்றில் நிறுத்தியது. நடுவில் எல்லாரும் அவரை மறந்துபோய், நாற்பதுகளில் நியூயார்க்கில் ஒரு பெரிய கடையில் சேல்ஸ் கேர்ளாக நின்ற காலமும் உண்டு. ஐம்பதுகளில்தான் ரசிகர்களும் காப்பகங்களும் அவரைத் திரும்பத் தேடி வந்தார்கள். அதற்குள் அவருடைய அமெரிக்க மௌனப் படங்களில் பல போய்விட்டிருந்தன. அதே 1926-இல் சின்ன ஊர் முடிதிருத்துபவர் ஒருவரை வைத்து எடுத்த ‘எ சோஷியல் செலிபிரிட்டி’யில் அவர் நகம் அழகுபடுத்தும் பெண். அந்தப் படமும் காணோம்.

‘அமெரிக்கன் வீனஸ்’ போனதில் இன்னொரு நஷ்டம் வண்ணம். அழகிப் போட்டிக் காட்சிகளையும் ஃபேஷன் அணிவகுப்பையும் டெக்னிகலரில் எடுத்திருந்தார்கள். மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. அன்றைய டெக்னிகலர் இரண்டே நிறம். லென்ஸுக்குப் பின்னால் ஒரு பட்டகம் வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்து, சிவப்புக்கு ஒரு ஃபிரேம், பச்சைக்கு ஒரு ஃபிரேம் என்று ஒரே நெகட்டிவில் பதிவு செய்யும். பிரிண்ட் போடும்போது இரண்டையும் தனித்தனி மெல்லிய ஃபிலிம்களில் எடுத்து, ஒன்றுக்குச் செம்மஞ்சள் சாயல், மற்றதற்கு நீலப்பச்சைச் சாயல் ஏற்றி, முதுகோடு முதுகு ஒட்டிவிடுவார்கள். வானத்தின் நீலம் இதில் சரியாக வராது. தோலின் நிறம் நன்றாக வரும். ஆகவே கன்னமும் உதடும் பளபளக்க வேண்டிய காட்சிகளுக்கு இதைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. சிக்கல் தியேட்டரில் வந்தது. ஒட்டிய ஃபிலிம் புரொஜக்டர் சூட்டில் குழிந்து வளையும், படம் ஃபோகஸ் விட்டுப் போகும். அதைச் சரிசெய்யப் பாஸ்டனிலுள்ள லேபுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இந்தத் தலைவலியால் சில வருஷங்களில் அந்த முறையையே கைவிட்டார்கள்.

படங்கள் எப்படிக் காணாமல் போயின? இதில் மர்மம் எதுவும் இல்லை. அன்றைய படங்கள் பதிவானது நைட்ரேட் ஃபிலிமில்; அது பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது, எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். தீப்பிடிக்காமல் சும்மா வைத்திருந்தாலும் பிசுபிசுத்து, கட்டியாகி, கடைசியில் பொடியாகிவிடும். பத்திரப்படுத்தக் குளிர்ச்சியான அறையும் பணமும் வேண்டும். 1927-க்குப் பிறகு படங்கள் பேச ஆரம்பித்ததும் மௌனப் படத்துக்கு மார்க்கெட் போய்விட்டது. பழைய பிரிண்ட்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்தால் கிடைக்கும் காசுகூட லாபமாகத் தெரிந்த காலம் அது. அமெரிக்காவில் எடுத்த ஏறக்குறைய 11,000 மௌன முழுநீளப் படங்களில் 14 சதவீதம்தான் முதலில் வெளியான அதே 35 மில்லிமீட்டர் வடிவத்தில் முழுதாக மிஞ்சியிருக்கிறது என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நாம் அவர்களைப் பார்த்து உச்சுக்கொட்ட முடியாது. நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ இல்லை, முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ இல்லை.

அப்படியானால் ‘அமெரிக்கன் வீனஸி’ல் மிஞ்சியது என்ன? ஸ்டில்கள், போஸ்டர்கள், தியேட்டர் முகப்பில் மாட்டும் லாபி அட்டைகள், அப்புறம் முன்னோட்டப் படச் சுருள்கள். முன்னோட்டங்கள் ஆஸ்திரேலியாவில் கிடைத்தன. அமெரிக்கப் படப்பெட்டிகள் ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை போகும். கிழடுதட்டிய பிரிண்டைக் கப்பல் செலவு செய்து திரும்ப வாங்க எந்தக் கம்பெனிக்கும் மனசு வராது. அதனால்தான் அமெரிக்காவில் தொலைந்த பல படங்கள் அந்தக் கோடியில் அகப்படுகின்றன. ஆக, விளம்பரத்தைக் கேலி செய்த படத்தின் விளம்பரம் கையில் இருக்கிறது, படம் இல்லை.

2018-இல் இன்னொரு துணுக்கு வந்தது, அதன் பாதை விசித்திரம். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த ‘தி பிளாக் பைரேட்’ என்ற டெக்னிகலர் படத்தின் பிரதி ஒன்றை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1959-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டுக்குக் கொடுத்திருந்தது. ரீல்களின் முனையில் புரொஜக்டரில் மாட்டுவதற்காக உபரி ஃபிலிம் ஒட்டுவார்கள் அல்லவா, அதற்கு லேபில் கிடந்த பழைய டெக்னிகலர் துண்டுகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். காப்பகப் பணியாளர் ஒருவர் அந்த முனைகளை நிதானமாகப் பார்த்தபோது, பல படங்களின் துண்டுகளுக்கு நடுவே ‘அமெரிக்கன் வீனஸு’க்காக எடுத்த உடைச் சோதனை ஒன்று தெரிந்தது. மூன்று விநாடி. வண்ணத்தில் லூயிஸ் புரூக்ஸ். படத்தில் இடம்பெற்ற காட்சிகூட இல்லை அது, உடை கேமராவில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்கான சோதனை. ஒரு தற்செயலையும் சொல்ல வேண்டும்: தொலைந்த படத்தில் நெப்டியூனின் மகன் டிரைட்டனாக ஒரு சின்ன வேடத்தில் வந்த இளைஞர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியர். அப்பாவின் கடற்கொள்ளைக்காரப் படத்தின் வாலில் மகன் நடித்த படத்தின் துண்டு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

காப்பகங்கள் ரீல் முனைகளை இப்போது கவனமாகப் பார்க்கின்றன. முழுப் படமும் என்றாவது ஒரு நாள் ஏதாவது தனியார் சேகரிப்பிலோ, பெயர் மாறிய வெளிநாட்டுப் பிரதியாகவோ அகப்படலாம். அப்படி அகப்பட்டாலும் வண்ணப் பகுதிகள் கறுப்பு வெள்ளையில் இருக்கவோ, வெட்டி எடுக்கப்பட்டிருக்கவோ வாய்ப்பு அதிகம். இதே காலத்தில் வந்த பல படங்களின் டெக்னிகலர் காட்சிகளுக்கு நேர்ந்த கதி அதுதான். வெளிநாட்டுப் பிரதி என்றால் வசன அட்டைகளும் அந்த நாட்டு மொழியில் மாற்றி எழுதப்பட்டிருக்கும். கிரேயின் கோல்டு கிரீமுக்கு பெஞ்ச்லி என்ன வரி எழுதினார் என்பது அப்போதும் கிடைக்காமல் போகலாம்.